ஐஸ் பெட்டி கரண்ட்

பட்டியலில் ஏழாவது வரி அது. ஆறாவது வரி, போன மாதக் கரண்ட் பாக்கி. எட்டாவது வரி, மொத்தம். இரண்டுக்கும் நடுவே பச்சை மையில், அதே உருண்டைக் கையெழுத்தில், "ஐஸ் பெட்டி கரண்ட், 11 யூனிட், 99 ரூபாய்" என்று எழுதியிருந்தது.

முதலில் நான் ஃப்ரிட்ஜ் என்று நினைத்தேன். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குத் தனியாக எதற்குக் காசு என்று கேட்க வாயெடுத்தேன். பிறகுதான் உறைத்தது. அது என் புருஷனைக் கிடத்தியிருந்த பெட்டி.

வீட்டுக்கார அம்மா வரலட்சுமி எதிரே உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் அட்வான்ஸ் பணம் ரப்பர் பேண்ட் போட்டு இருந்தது. அதன்மேல் பிடித்தங்களின் பட்டியல், பட்டியலின் மேல் பேனா. கீழே சந்தில் என் தம்பி அறிவு குட்டியானை வண்டியில் பீரோவை ஏற்றிக்கொண்டிருந்தான். மாலை ஆறு மணிக்குள் திருவொற்றியூரில் புது வீட்டுக்காரர் கையில் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த ஒற்றை அறையையும் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார். இதெல்லாம் வரலட்சுமி அக்காவுக்கும் தெரியும்.

"பாத்துட்டியா அன்பு? பாத்துட்டு கீழ ஒரு கையெழுத்து போடு. துட்ட எண்ணி வச்சிக்கீறேன்," என்றார்.

கையெழுத்து என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பன்னிரண்டு வருடமாக மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் டேலி எழுதுகிறேன். பெட்டி உள்ளே வரும்போது எத்தனை மூட்டை, வெளியே போகும்போது எத்தனை மூட்டை, எங்கே நசுங்கல், எங்கே ஓட்டை, எல்லாம் எழுதி, லாரிக்காரனிடம் கையெழுத்து வாங்குவது என் பிழைப்பு. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால் மேலே உள்ள ஒவ்வொரு வரியையும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பிறகு அழுது பிரயோஜனமில்லை. எத்தனையோ டிரைவர்களை நான் அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அந்தத் தொழில் புத்தியால்தான் ஏழு வருடம் முன்பு இந்த ராயபுரம் வீட்டுக்குக் குடிவந்தபோதும் ஒரு வேலை செய்தேன். காலி கண்டெய்னரைச் சுற்றிப்பார்த்து எழுதுவதுபோல, காலி வீட்டைச் சுற்றிப்பார்த்து ஒரு தாளில் எழுதினேன். சிங்க்கில் இடது மூலை விரிசல். பாத்ரூம் கதவு அடியில் உளுத்துப்போயிருக்கிறது. சுவரில் ஐந்து ஆணித் துளை. எழுதிக்கொண்டு போய் நீட்டினால், வரலட்சுமி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார். என் புருஷன் லட்சுமணன் என் தலையில் தட்டி, "இன்னாடி, வூட்ட கப்பல்ல ஏத்தப் போறியா?" என்று கிண்டல் செய்தார்.

இன்று அந்தத் தாளைக் கொண்டுவந்துதான் மாடியேறினேன். பட்டியலில் மூன்றாவது வரி, சிங்க் விரிசல், ஆயிரத்து இருநூறு. தாளைக் காட்டினேன். அடித்துவிட்டார். நான்காவது வரி, பாத்ரூம் கதவு, தொள்ளாயிரம். அதையும் அடித்தார். ஆணித் துளை பதினாலுக்கு இருபது இருபது ரூபாய் போட்டிருந்தார். ஐந்து ஏற்கெனவே இருந்தது என்று காட்டினேன். ஒன்பதுக்குக் குறைத்தார். முகத்தில் கோபமே இல்லை. "கரெக்ட்டு, கரெக்ட்டு. கைல எழுத்து கீதே," என்று சொல்லி அடித்துக்கொண்டே வந்தார். பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது இந்த ஊர் வழக்கம். அதற்கு நான் வாயைத் திறக்கவில்லை. மோட்டார் ரிப்பேரில் என் பங்கு, கரண்ட் பாக்கி, எல்லாம் சரி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று மனதுக்குள் முனகினேனே தவிர, வெளியே ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் ஏழாவது வரிக்கு வந்தேன்.

"இன்னாக்கா இது?"

"எது?"

"ஐஸ் பெட்டி."

"அதான் எழுதிக் கீதே. அன்னிக்கு உங்க வூட்டு பிளக்கு தாங்கலன்னு, நம்ம வாஷிங் மெஷின் பாயின்ட்லருந்து வயர் வுட்டமே. என் மீட்டர்ல தான ஓடிச்சு?"

"பதினோரு யூனிட்னு எப்டிக்கா தெரியும்?"

"ரீடிங் பாத்தேன். சொருகசொல்ல ஒரு தபா, புடுங்கசொல்ல ஒரு தபா. மொத்தம் பதினேழு ஓடிச்சு. நம்ம வூட்டு ஃபேனு, ஃப்ரிட்ஜுக்கு ஆறு வச்சி கழிச்சிட்டேன். ஏசி கூட போடல அன்னிக்கு. உன் தலைல ஒரு யூனிட்டு ஜாஸ்தியா ஏத்தல, அன்பு."

நான்கு மாதம் முன்பு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஹார்பரிலிருந்து வந்து குளித்துவிட்டுச் சட்டையை மாட்டும்போதே சுருண்டு விழுந்தவர் லட்சுமணன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வரும்போதே உயிர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரிலிருந்து ஆட்கள் வர வேண்டுமென்று காலை வரை வைத்திருந்தோம். ஐஸ் பெட்டியின் பெரிய பிளக் எங்கள் வீட்டுப் பாயின்ட்டில் நுழையவில்லை. அப்போது வரலட்சுமி அக்காதான், யாரும் கேட்காமலே, "மேலருந்து வயர் இஸ்துக்கோங்கப்பா," என்றார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். வந்தவர்களுக்கெல்லாம் தூக்குவாளியில் காபி போட்டுக்கொண்டு வந்தார். நடுவில் ஒருமுறை அவர் மாடிப்படிக்குக் கீழே மீட்டர் போர்டுக்கு முன்னால் குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் எதையோ பார்த்ததை நானும் பார்த்தேன். வயர் சூடேறி எரிந்துவிடுமோ என்று பார்க்கிறார், என்ன அக்கறை என்று நினைத்தேன். நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதேன். நான் ஒரு மடச்சி.

"என்ன கட்டிக்கினு அழுதுட்டு, அப்டியே போய் ரீடிங் குறிச்சியாக்கா?"

"அதுக்கு இன்னா இப்போ? அழுகை வேற, கரண்ட் வேற. சாவுக்கு வந்தேன், மாலை போட்டேன், மூலக்கொத்தளம் சுடுகாடு வரைக்கும் ஆட்டோல வந்தேன். அதுக்கெல்லாம் கணக்கு எழுதனேனா? கரண்ட்டு அரசாங்கத்துக்குக் கட்றது. அதான் எழுதனேன்."

"அந்த வரிய அடி."

"தொண்ணூத்தொம்போது ரூபாடி. இதுக்கா சண்டை?"

"அதத்தான் நானும் கேக்கறேன். தொண்ணூத்தொம்போது ரூபா. இதுக்கா?"

அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். பெயின்ட்டுக்கு எட்டாயிரத்து ஐந்நூறு போனது எனக்கு வலிக்கவில்லை. இந்தத் தொண்ணூற்றொன்பதுதான் வலித்தது. ஆணித் துளை, மோட்டார், கரண்ட் பாக்கி, அதற்கடுத்து என் புருஷன். இந்த வீட்டுக்கு நான் உண்டாக்கிய சேதாரத்தில் அவரும் ஒன்று. அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"பொணத்து நெத்தில இருக்கற காசையும் எடுக்கறவங்க இருக்காங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இன்னிக்குத்தான் நேர்ல பாக்கறேன்," என்றேன்.

வரலட்சுமி அக்காவின் முகம் சட்டென்று சிவந்தது. "வார்த்தைய அளந்து பேசு அன்பு. ஏழு வருசத்துல உன் துட்டு ஒரு ரூபா நான் தின்னுருக்கேனா? தண்ணி லாரிக்கு மூணு வூடும் பங்கு போட்டோமே, மீதி நாலணா எட்டணா வந்தாக்கூட உன் கதவ தட்டிக் குடுத்தனா இல்லியா? இப்பக்கூட சிங்க்கு, கதவு எல்லாம் அடிச்சேன். நீ காட்ன, நான் அடிச்சேன். கணக்குன்னா கணக்கு. எனக்கு வர்றதயும் வுட மாட்டேன், பிறத்தியார்து ஒண்ணும் எனக்கு வேணாம்."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஏமாற்றுக்காரியாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். இவர் நியாயம் தவறாமல் என் வயிற்றில் அடிக்கிறார். நியாயத்தை யூனிட் கணக்கில் அளக்கிறவரிடம் எந்தத் தாளைக் காட்டுவது?

பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போடப் போகிறேன் என்று நினைத்து அவர் பணக்கட்டை என் பக்கம் தள்ளினார். நான் ஏழாவது வரிக்குக் கீழே, மொத்தத்துக்கு மேலே இருந்த இடுக்கில் ஒரு வரி எழுதினேன். "நைனாவை மாடியிலிருந்து இறக்கியது, ஆள் கூலி." தொகை போடவில்லை. தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

நைனா என்றால் வரலட்சுமி அக்காவின் அப்பா. இந்த மாடியில்தான் மகளோடு இருந்தார். கொரோனா இரண்டாவது அலையில், மே மாதம், ஒருநாள் காலை எழுந்திருக்கவில்லை. கொரோனாவா, வயதா என்று யாருக்கும் தெரியாது. சோதனை செய்யவில்லை. தெரியாததால்தான் ஒருவரும் கிட்டே வரவில்லை. வண்டிக்காரன் சந்து முனையில் நின்றுகொண்டு, கீழே கொண்டு வந்தால் ஏற்றுகிறேன், மாடிக்கு வரமாட்டேன் என்றான். வரலட்சுமி அக்காவின் இரண்டு தம்பிகளும் முகத்தில் இரண்டிரண்டு மாஸ்க்கோடு டீக்கடை வாசலில் நின்றார்கள். மாடிப்படியோ ஆள் ஒருக்களித்து ஏற வேண்டிய குறுகல். நடுவில் ஒரு திருப்பம் வேறு. பாடை கட்டினாலும் அந்தத் திருப்பத்தில் திரும்பாது.

லட்சுமணனுக்கு ஹார்பரில் லாஷிங் வேலை. கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்கள் கடலில் சாய்ந்துவிடாமல் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவது. எவ்வளவு கனம் எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்தவுடனே சொல்வார். அன்று ஒரு பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு மாடியேறினார். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். உதறினார். பெரியவரைத் தன் முதுகில் சாய்த்து, பெட்ஷீட்டால் இடுப்பிலும் மார்பிலும் சுற்றி முடிச்சுப் போட்டார். ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கினார். பெரியவரின் தலை சுவரில் இடிக்காமல் ஒரு கையைப் பின்னால் வளைத்துப் பிடித்திருந்தார். இடிக்கவேயில்லை. அதன் பிறகு பதினான்கு நாள் மொட்டை மாடியில் தார்ப்பாய் கட்டிப் படுத்திருந்தார், எனக்கு எதுவும் ஒட்டிவிடக் கூடாது என்று. நான் சோற்றைப் படியில் வைத்துவிட்டு வருவேன்.

அந்தப் பதினான்கு நாளில் எங்களுக்குக் கூலி இல்லை. அதை யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

வரலட்சுமி அக்கா நான் எழுதிய வரியைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணில் தண்ணீர் நின்றது. உள்ளபடி சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படட்டும், நன்றாகச் சுடட்டும் என்று இருந்தேன். இப்போது அந்த ஏழாவது வரியைத் தானே அடிப்பார் என்று காத்திருந்தேன்.

அவர் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்.

"எவ்ளோ போடட்டும்?"

குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். இல்லை. பேனாவோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெய்யாலுமே கேக்கறேன்டி. அது பாக்கிதான். இத்தினி வருசமா என் மன்சுல கீது. குடுத்தா உன் புருசன் கோச்சிக்குவாருன்னு வுட்டுட்டேன். அப்ப ரேட்டு ஜாஸ்தி. தூக்கறதுக்கு ஆளுக்கு ரெண்டாயிரம் மூவாயிரம்னு கேட்டானுங்க. இவரு ஒத்த ஆளா செஞ்சாரு. அஞ்சாயிரம் போடவா? தொண்ணூத்தொம்போது போனா மீதி நாலாயிரத்தித் தொள்ளாயிரத்தி ஒண்ணு."

எழுந்து பீரோவைத் திறந்து ஐந்நூறு ரூபாய் நோட்டாகப் பத்து எண்ணி மேஜையில் வைத்தார். கணக்கு முடியப்போகிற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

ஐயாயிரம் எனக்குச் சின்னத் தொகை இல்லை. இரண்டு பேர் சம்பளத்தில் ஓடிய வீடு, இப்போது ஒருத்தி சம்பளம். புது வீட்டுக்கு கேஸ் அடுப்பு மாற்ற வேண்டும், மின்விசிறி வாங்க வேண்டும். அந்த நோட்டுகளை நான் பார்த்தேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், கை நீளப் பார்த்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது. அக்கா என் புருஷனின் சாவைத்தான் பட்டியலில் போட்டார். லட்சுமணன் வாழ்ந்த வாழ்க்கையிலேயே பெரிய காரியத்தைப் பட்டியலில் போட்டது நான். ஆள் கூலி என்று என் கையாலேயே எழுதினேன். அந்த மனிதர் மாஸ்க் கூட இல்லாமல், ஒரு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு படியேறியதற்கு நான் ரேட்டு கேட்டிருக்கிறேன். அவர் இருந்து கேட்டிருந்தால் செவிட்டில் அறைந்திருப்பார். எனக்கு என்மேலேயே அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

பேனாவைப் பிடுங்கி என் வரியை அடித்தேன். தாள் கிழியும்வரை அடித்தேன்.

"இன்னாடி பண்ற? பத்தலன்னா சொல்லு, பாத்துப் போடலாம்."

"அது என் வரி. நான் அடிச்சிட்டேன். இப்ப உன் வரிய நீ அடி."

"அப்ப அந்த கரண்ட்டு?"

என் பர்ஸிலிருந்து நூறு ரூபாய் நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இந்தா. கைல வாங்கிக்கோ. அவரு கடைசியா படுத்துக் கெடந்த கரண்ட்டுக்கு நான் துட்டு கட்டிட்டேன். யாரும் எங்களுக்குத் தர்மம் பண்ண வேணாம். ஆனா ஆணித் துளைக்கும் மோட்டாருக்கும் பக்கத்துல அவரு பேச்சு இருக்கக் கூடாது. அடி."

அவர் நூறு ரூபாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஸ்கேல் வைத்து ஏழாவது வரியை அடித்தார். ஸ்கேல் வைத்துத்தான். மொத்தத்தைத் திருத்தி எழுதி, அடித்த வரிகளுக்கான பணத்தையும் கட்டில் சேர்த்தார்.

"ஒரு ரூபா மீதி குடு," என்றேன்.

"ஹாங்?"

"நூறு குடுத்தேன். கணக்கு தொண்ணூத்தொம்போது. ஒரு ரூபா."

அவர் சாமி அலமாரியில் இருந்த டப்பாவைக் கவிழ்த்து, விபூதி ஒட்டிய ஒரு ரூபாய் நாணயத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கிப் பர்ஸில் போட்டுக்கொண்டு, பட்டியலின் அடியில் கையெழுத்துப் போட்டேன். அட்வான்ஸ் பணத்தை எண்ணினேன். சரியாக இருந்தது. அவர் எண்ணினால் எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

நான் எழுந்ததும் அவரும் எழுந்தார். கையில் அந்தப் பத்து நோட்டு.

"இத்த எடுத்துக்கினு போ அன்பு."

"வேணாங்க்கா."

"தூக்குனவங்க கூலிய பாக்கி வைக்கக் கூடாதுடி. சுடுகாட்டு வாசல்லயே தீத்துட்டு வரணும்னு சொல்லுவாங்க. நைனாவுக்கு ஆவாது. எனக்கு ஆவாது. உன் கால்ல வேணா வுழறேன், வாங்கிக்கோ."

இப்போது அவர் நடிக்கவில்லை, கணக்கும் பேசவில்லை, நிஜமாகவே பயந்திருந்தார். பாவமாகவும் இருந்தது. ஆனாலும் நான் இளகவில்லை. இளகினால் அந்த நோட்டை வாங்க வேண்டியிருக்கும்.

"என் கைல குடுத்தா தீராதுக்கா. தூக்குனது நான் இல்ல," என்றேன். "அவரு இருக்கசொல்ல கேட்டிருக்கணும்."

படியிறங்கினேன். பின்னாலேயே செருப்புச் சத்தம் வந்தது. திருப்பம் வரை வந்தது, அங்கே நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

குட்டியானையில் பாயும் பக்கெட்டும் மேலே ஏறியிருந்தன. அறிவு கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பியபடியே அவன் கேட்டான்.

"துட்டு செட்டில் பண்ட்டாங்களாக்கா?"

"உம்."

"பாக்கி எதுனா கீதா?"

"நமக்கு ஒண்ணும் இல்ல," என்றேன். "அவங்களுக்குக் கீது. நீ வண்டிய எடு."